காலொடிந்த சாட்சி

உதவி அதிகாரி உட்கார்ந்ததும் சாட்சியின் கால் ஒடிந்தது.

சாட்சி என்பது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வெளிநாட்டுக் கம்பெனி அடிமாட்டு விலைக்கு நாற்காலிகளைக் கொண்டுவந்து கொட்டி, தன் பிழைப்பில் மண்ணைப் போடுவதாக உள்ளூர் முதலாளி வழக்குப் போட்டிருந்தார். நாடுகளுக்கிடையிலான வியாபாரத் தகராறுகளை விசாரிப்பதுதான் அந்த அரசு அலுவலகத்தின் வேலை. உள்ளூர் நாற்காலியும் வெளிநாட்டு நாற்காலியும் ஒரே ரகமாக இருந்தால்தான் வழக்கு நிற்கும்; அதைப் பார்க்கத்தான் மதியம் விசாரணை. ஒடிந்தது வெளிநாடு.

உதவி அதிகாரி போன மாதம்தான், வேறொரு வழக்கின் சாட்சியான துண்டில் முகம் துடைத்ததற்கு மெமோ வாங்கியிருந்தார். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

பசை தடவினார். கால் பின்பக்கமாகத் திரும்பி ஒட்டிக்கொண்டது. அதை நிமிர்த்தப் போய், பக்கத்துக் காலும் கையோடு வந்தது. மனைவிக்குப் போன் செய்தார்.

"அதுல ஏங்க உக்காந்தீங்க?"

"என் நாற்காலியை ரிப்பேருக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"எப்போ?"

"பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி."

"அவ இப்ப காலேஜ் போறா."

அதே மாதிரி ஒன்று வாங்கி வைக்கச் சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

எதிர்க்கடையில் உள்ளூர் நாற்காலிதான் இருந்தது. வழக்கு முடியும்வரை வெளிநாட்டுச் சரக்கைத் துறைமுகத்திலேயே நிறுத்திவைக்க அவர் அலுவலகமே உத்தரவு போட்டிருந்தது. ஆனால் நாற்காலி அச்சு அசல் அதேதான். வாங்கிவந்து, உடைந்ததிலிருந்த வெளிநாட்டு முத்திரையை உரித்து இதில் ஒட்டினார். உடைந்ததைப் பீரோவுக்குப் பின்னால் செருகினார்.

விசாரணையில், இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று வெளிநாட்டு வக்கீல் வாதாடினார். இரண்டையும் தட்டிக் காட்டி, ஓசையே வேறு என்றார். அவர் கூட்டிவந்திருந்த பிளாஸ்டிக் நிபுணர் முகர்ந்து பார்த்து ஆமோதித்தார்.

"எங்களைப் பாத்து அடிச்ச காப்பி சார். அதுலயும் மட்டமான காப்பி," என்றார் உள்ளூர் முதலாளி, வெளிநாட்டு முத்திரை ஒட்டியிருந்த தன் நாற்காலியையே எட்டி உதைத்து.

தீர்ப்புச் சொல்லவேண்டிய அலுவலக இயக்குநர் இரண்டிலும் மாறி மாறி உட்கார்ந்தார். உதவி அதிகாரி கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன இருந்தாலும் வெளிநாடு வெளிநாடுதான்," என்றார் இயக்குநர். ரகம் வேறு. வழக்கு தள்ளுபடி.

எல்லாரும் போனபின், வெளிநாட்டுக் கம்பெனியின் ஏஜென்ட் தன் நாற்காலியை எடுத்துப்போக வந்து அதைத் தலைகீழாகக் கவிழ்த்தார். அடியில் எதிர்க்கடையின் விலைச்சீட்டு. உதவி அதிகாரி கிழிக்க மறந்திருந்தார்.

ஏஜென்ட் சீட்டைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"எங்க சரக்கைத்தான் நீங்க துறைமுகத்துல நிறுத்திட்டீங்களே, எதிர்க்கடையில ஒண்ணு வாங்கி முத்திரையை ஒட்டிக் குடுத்தேன். இந்தச் சீட்டைக் கிழிச்ச ஞாபகமாச்சே சார்."