குழியிடம் 'வரேன்' சொன்ன மேலதிகாரி

துக்கம் விசாரிப்பதில் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே 'துக்கம்' சாரை மிஞ்ச ஆள் கிடையாது. அவர் விசாரித்தவர்கள் எல்லாம் செத்து இரண்டாயிரம் வருஷம் ஆனவர்கள் என்பது வேறு விஷயம்.

எழுபதுகளில் திருக்கழுக்குன்றம் பக்கம் பழைய ஈமக் கல்வட்டங்களைத் தோண்டிய முகாமில் அவர் அதிகாரி, நான் குமாஸ்தா. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் குழியில் இறங்குவார். எலும்பைப் பார்த்தால் முகம் மலர்ந்துவிடும்.

"உடனே புதைக்கலைய்யா. வெளியில போட்டு வெச்சிருந்து, அப்புறம் எலும்பைப் பொறுக்கி வெச்சிருக்காங்க. சொந்தக்காரங்க வந்து சேரணுமே! அப்பவும் பஸ் லேட்டு."

சாயங்காலம் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிடுவார். சாவு வீட்டில் 'போய்ட்டு வரேன்' சொல்லக் கூடாது. சொன்னால் இன்னொரு சாவுக்கு வர வேண்டியிருக்கும். குழியும் சாவு வீடுதான் என்பது அவர் கட்சி. தோண்டும் ஆட்களும் அப்படியே நடந்தார்கள்.

அந்த ஐப்பசியில், கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை ஒன்று விரிசலே இல்லாமல் வெளிப்பட்டது. மழைக்கு முன் தூக்காவிட்டால் குழி சரிந்து பேழை அப்பளமாகிவிடும். அன்று பார்த்துப் பார்வையிட வந்த மேலதிகாரி, குழியைக் கும்பிட்டு, "ரொம்ப சந்தோஷம். போய்ட்டு வரேன்!" என்று சொல்லி மாமல்லபுரம் விடுதிக்குப் போய்விட்டார்.

ஆட்கள் மண்வெட்டியைக் கீழே போட்டார்கள்.

"இன்னா சார் இது! பெரியவரு வரேன்னுட்டுப் போறாரே. அடுத்த சாவு எங்க வூட்லயா வோணும்?" என்றார் மேஸ்திரி.

கடல் பக்கம் மேகம் கறுத்தது. இதற்கு விதி என்ன என்று யோசித்தேன். எந்தக் கையேட்டிலும் இல்லை.

துக்கம் சாரிடம் இருந்தது. "வரேன்னார் இல்ல? வந்துட்டா சரியாப்போச்சு. எடுய்யா ஜீப்பை!"

மேலதிகாரி வறுத்த வஞ்சிரத்தின் முன் உட்கார்ந்திருந்தார்.

"சார், உடனே குழிக்கு வரணும்."

"இப்பத்தானேய்யா வந்தேன்?"

"இன்னொரு சாவு விழறதுக்குள்ள வந்துடணும் சார்."

அவர் பாய்ந்து வந்து ஜீப்பில் ஏறினார். கைகூடக் கழுவவில்லை.

குழி ஓரத்தில் நிறுத்தினோம். மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார். "வந்துட்டாரு. அந்த வரேன் இத்தோட தீந்துச்சு. இப்ப வாயத் தொறக்காம போவச் சொல்லு சார்."

மேலதிகாரி பழக்கதோஷத்தில் விடைபெற வாயெடுத்தார். துக்கம் சார் கைக்குட்டையால் பொத்தினார். மேலதிகாரியின் வாயைப் பொத்துவதற்கும் கையேட்டில் இடமில்லை.

பேழை கொட்டகைக்குள் போனதும் மழை கொட்டியது. துக்கம் சார் வெளியே நனைந்தபடி ஆடினார்.

போன மாதம் அவருக்கே துக்கம் விசாரிக்கப் போனேன். விதி மீறாமலே பென்ஷன் வாங்கியவன் நான். பேசாமல்தான் வாசல் வரை வந்தேன். அங்கே திரும்பி நின்று, "வரேன் சார்" என்றேன்.