நாலு தட்டுக்கும் நல்லெண்ணெய்

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த ஆணுக்குத் தன்னுடைய சைக்கிள் ஓட்டத்தில் இருக்கும் நம்பிக்கை கடவுளில்கூட இருக்காது. எனக்கும் இருந்தது. ஒன்பது வருடங்களுக்கு முன்னர், குளிர்கால ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தரை மணியளவில் அது என்னை விட்டுப் போனது. போகும்போது இன்னொருவருடைய காறை எலும்பையும் கூட்டிக்கொண்டு போனது.

அப்போது எனக்கு முப்பது வயது. ஒரு களஞ்சியசாலையில் வேலை. மெல்பேர்னின் நோபல் பார்க்கில் ஒரு வீட்டின் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். தாரிணியின் சம்பந்தம் பேசி வந்தது. கோப்பிக் கடையில் ஒருமுறை சந்தித்துக் கதைத்தோம். அந்த ஒன்றரை மணிநேரத்தில் எனக்கு விளங்கிவிட்டது, இந்தப் பெண் கிடைக்காவிட்டால் மிச்சக் காலத்தை அந்தப் பின்னறையிலேயே கழிக்க வேண்டியதுதான் என்று. சாதகம் பொருந்தியது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது (ஏன் என்று இன்றுவரை கேட்கவில்லை. கேட்டால் யோசிக்கத் தொடங்கிவிடுவாள்). மிச்சமிருந்த ஒரே தடை அவளுடைய அண்ணன் சுதன். தகப்பன் இல்லாத வீடு. அண்ணன் ஓம் என்றால்தான் தாய் ஓம் என்பார்.

சுதன் ஆறு வயதில் மெல்பேர்னுக்கு வந்தவர். வாரநாட்களில் எஞ்சினியர், வார இறுதியில் மலைச் சைக்கிள் பைத்தியம். தொலைபேசியில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி விசாவைப் பற்றியும் அல்ல, வேலையைப் பற்றியும் அல்ல.

“சைக்கிள் ஓடுவீங்களா, புரோ?”

“சைக்கிளோ? நான் சைக்கிளிலைதான் வளர்ந்தனான். முன்னுக்குப் பாரிலை ஒருத்தர், பின்னுக்குக் கரியரிலை சீமெந்துப் பாக், அப்பிடியே ரெண்டு கையையும் விட்டிட்டு ஓடுவன்.”

“மலையிலையும் ஓடியிருக்கிறீங்களா?”

“அதெல்லாம் சும்மா.”

இந்த இடத்தில் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்தில் மலை கிடையாது. மேடுகூடக் கிடையாது. நான் வாழ்க்கையில் ஏறிய ஆகப் பெரிய ஏற்றம் எங்கள் படலைக்கும் றோட்டுக்கும் நடுவில் இருந்த மதகுதான். அதிலும் பாதி நாள் இறங்கி உருட்டியிருக்கிறேன்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை போவம்” என்றார் சுதன். சனி பின்னேரம் கிரான்பர்னில் இருந்த தன் வீட்டிலிருந்து வந்து, இரண்டு மலைச் சைக்கிள்களை எங்கள் கராஜில் இறக்கினார். ஒன்று அவருடையது, மற்றது எனக்கு இரவல். “இண்டைக்கு அம்மாவையளைக் கார்ல ஒரு பேர்த்டேக்குக் கொண்டு போகோணும். ரெண்டும் இங்கயே நிக்கட்டும். காலமை வாறன்.”

விட்டுவிட்டுப் போனார். நானும் பேசாமல் போய்ப் படுத்திருக்கலாம்.

ஆனால் மாப்பிள்ளையாகப் போகிறவனுக்குக் கை சும்மா இருக்குமா? இரண்டு சைக்கிளையும் கழுவினேன். துடைத்தேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். நான் அறிந்த சைக்கிளில் பிரேக் என்றால் சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் இரண்டு றப்பர்க் கட்டைகள். இதில் கட்டையையே காணவில்லை. அதற்குப் பதிலாகச் சக்கரத்தின் நடுவில், ஓட்டை ஓட்டையாக, பளபளவென்று ஒரு மெல்லிய இரும்புத் தட்டு. சக்கரத்தைச் சுற்றினால் அது ‘சர்ர்ர்’ என்று உரஞ்சிச் சத்தம் போட்டது. தொட்டுப் பார்த்தேன். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. வெள்ளைக்காரன் இவ்வளவு நல்ல சைக்கிளைச் செய்துவிட்டு எண்ணெய் விட மறந்துவிட்டானே என்று பரிதாபப்பட்டேன்.

எங்கள் ஊரில் சைக்கிள் சத்தம் போட்டால் தேங்காயெண்ணெய் விடுவோம். குசினிக்குப் போய்ப் பார்த்தால் குளிரில் தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் கல்லாகிக் கிடந்தது. பக்கத்தில் நல்லெண்ணெய் இருந்தது. ஒரு துணியை நனைத்து, இரண்டு சைக்கிளிலும் நாலு தட்டுக்கும், முன்னும் பின்னும், குழந்தைக்குத் தேய்ப்பதுபோலப் பக்குவமாகத் தேய்த்தேன். சத்தம் அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெருமையில் மனசு நிறைந்து நித்திரை கொண்டேன். அந்தத் தட்டுத்தான் பிரேக் என்பதை எனக்குச் சொல்ல அந்தக் கராஜில் ஒருவரும் இருக்கவில்லை.

காலையில் சுதன் வந்தார். “வாஷ் பண்ணினீங்களா? வாவ், புரோ!” அந்த ‘வாவ்’வில் நான் கலியாண மண்டபத்தையே பார்த்துவிட்டேன்.

நகரத்துக்குக் கிழக்கே காரில் ஒரு மணிநேர ஓட்டம். பச்சைக் குன்றுகள், மேயும் மாடுகள், வேலியோரம் ஓக் மரங்கள். முன்னொரு காலத்தில் இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் ஊர் ஞாபகத்தில் நட்டவையாம். “அப்பிடியே இங்கிலாந்து மாதிரி இல்லையா?” என்றார் சுதன். நான் இங்கிலாந்தைக் கண்டதில்லை. ஓம் என்றேன். அன்று அவர் எதைச் சொன்னாலும் ஓம் என்பதாகத்தான் வந்திருந்தேன்.

கார் நிறுத்திய இடத்திலிருந்தே ஏற்றம். அதனால் பிரேக்குக்கு வேலையே வரவில்லை. எனக்குத்தான் வேலை வந்தது. முதல் வளைவில் மூச்சு வாங்கியது. இரண்டாவதில் கண் இருட்டியது. மூன்றாவதில் இறங்கி உருட்டினேன். தலை நரைத்த வெள்ளைக்காரப் பெண் ஒருவர் என்னைத் தாண்டி ஏறிப்போகும்போது, “நன்றாகச் செய்கிறாய், விட்டுவிடாதே” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். சைக்கிளிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு வந்த நிலைமையைப் பாருங்கள்.

உச்சியில் சுதன் காத்திருந்தார். முகத்தில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. “கீழ இறங்கிறது ஈஸி. எனக்குப் பின்னால வாங்கோ. பிரேக்கை மெல்ல மெல்லப் பிடிச்சாச் சரி” என்று சொல்லிவிட்டு இறங்கினார். நானும் இறங்கினேன்.

முதல் வளைவில் அவர் திரும்பவில்லை. நேரே போனார். போகும்போதே ஒரு தடவை திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றும் என் கனவில் வரும்.

“பிரேக் இல்லை!” என்று கத்தினார். பாதையோரப் பற்றைக்குள் மறைந்தார். ‘டமார்’ என்று ஒரு சத்தம்.

நானும் பிரேக்கைப் பிடித்தேன். வெண்ணெய்க்கட்டியைப் பிடித்ததுபோல இருந்தது. அப்போது என்னைக் காப்பாற்றியது ஊர்ப் பழக்கம் ஒன்றுதான். பிரேக் இல்லாத சைக்கிளை அங்கே எப்படி நிறுத்துவோம்? இரண்டு காலையும் நிலத்தில் ஊன்றித் தேய்ப்போம். தேய்த்தேன். இந்தப் பயணத்துக்காகவே வாங்கிய சப்பாத்தின் அடி கழன்று தனியாகப் போனது. நான் சறுக்கிக்கொண்டே போய், கீழே கிடந்த சுதனுடைய சைக்கிளின்மேல் ஏறி நின்றேன். சுதன் பக்கத்தில் தோளைப் பிடித்துக்கொண்டு, முகம் வெளிறிப்போய் இருந்தார்.

அவருடைய காரை நான்தான் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன் (அதில் பிரேக் இருந்தது. நான் தொடாத பிரேக்). காறை எலும்பு இரண்டாக முறிந்திருந்தது. தாரிணியும் அவளுடைய தாயும் ஓடி வந்தார்கள். தாயை நான் ‘அன்ரி’ என்றுதான் கூப்பிடுவேன். சுதன் வலியை மறந்து ஒரே விஷயத்தையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

“வெள்ளிக்கிழமைதான் ரெண்டையும் சேர்விஸ் பண்ணினது. அந்த மெக்கானிக்கை நான் விடமாட்டன்.”

உடனே ஒற்றைக் கையால் கடைக்கு அழைத்தார். ஸ்பீக்கரில் வயதான ஒரு குரல் கேட்டது. நானேதான் பார்த்தேன், இரண்டு தடவை சரிபார்த்தேன், எப்படி நடந்ததென்று தெரியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று அந்த மனிதர் ஆங்கிலத்தில் தடுமாறினார். எனக்கு அப்போதுதான் அந்தத் தட்டும், கட்டையில்லாத சக்கரமும், எண்ணெய்த் துணியும் ஒன்றாகச் சேர்ந்து மண்டைக்குள் விளங்கின. வாயை மூடிக்கொண்டிருந்தால் தாரிணி எனக்கு. திறந்தால் பின்னறை. அரை நிமிடம் மூடித்தான் இருந்தேன், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தக் குரல் இன்னொரு தடவை மன்னிப்புக் கேட்டது. என்னால் முடியவில்லை.

“அவரிலை பிழை இல்லை. நான்தான் எண்ணெய் பூசினனான்.”

“எங்க?”

“அந்தத் தட்டிலை.”

“டிஸ்க்லயா?” சுதனுக்கு வலி திரும்பி வந்துவிட்டது. “எந்த டிஸ்க்ல?”

“நாலிலையும்.”

அன்ரி கேட்டார், “என்ன எண்ணெய் தம்பி?”

“நல்லெண்ணெய் அன்ரி.”

“ஐயோ, தோசைக்கு விடுறதெல்லோ!”

தாரிணி முகத்தைத் திருப்பிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனாள். முடிந்தது என்று நினைத்தேன். ஒரு காலில் சப்பாத்தும் மறு காலில் வெறும் மேசுமாக பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன். பதினொரு நாட்கள் ஒரு அழைப்பும் இல்லை. தோசை சுடக்கூட மனம் வரவில்லை. அந்தப் போத்தலைக் கண்டாலே அழுகை வந்தது.

பன்னிரண்டாம் நாள் சுதன் அழைத்தார்.

“மெக்கானிக் கேக்கிறார், டிஸ்க்ல இவ்வளவு வடிவா ஆர் பொலிஷ் பண்ணினது எண்டு. தாரிணி அண்டைக்கு வெளியில போய் நிண்டு சிரிச்சவள். இன்னும் நிப்பாட்டேல்ல. அம்மா ஆவணியில முகூர்த்தம் பாக்கிறா.” பிறகு குரலைக் கடுமையாக்கினார். “ஆனா இனி என்ர சைக்கிளைத் தொடாதீங்கோ, மச்சான்.”

அந்த ‘மச்சான்’ காதில் விழுந்ததும் பின்னறைக் கட்டிலில் இருந்து அழுதேன்.

எங்கள் முறைப்படி, மண்டப வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவுவது பெண்ணின் சகோதரன். சுதனின் வலது கை இன்னும் கழுத்தில் கட்டிய துணித் தூக்கில்தான் கிடந்தது. இடது கையால் செம்பைத் தூக்கினார். பாதித் தண்ணீர் என் வேட்டியில் போனது. குனிந்தவர் நிமிர்ந்து, வீடியோக்காரருக்கும் கேட்கும்படியாகக் கேட்டார், “காலுக்கு ஒண்டும் பூசேல்லைத்தானே, மச்சான்? வழுக்கினா எனக்கு மற்றக் கையும் போயிடும்.”

அந்த வீடியோ இன்றும் வீட்டுக்கு வரும் ஒவ்வொரு விருந்தினருக்கும் எண்ணெய்க் கதையோடு சேர்த்துச் சாப்பாட்டுக்கு முன்னர் காட்டப்படுகிறது. போன மாதம் மகளுக்கு முதல் சைக்கிள் வாங்கினோம். அவளுக்கு ஆறு வயது. கராஜில் இறக்கி வைத்ததும் அவள் அதில் ஏறவில்லை. நேரே குசினிக்குப் போய் நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துத் தன்னுடைய கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்துவிட்டு வந்துதான் ஏறினாள்.