கியரைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

கார் வைத்திருப்பவர்களில் ஓர் இனம் உண்டு. ‘கை பழகணும்’ இனம். தெருவுக்கு ஒருவராவது இருப்பார். என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். நான் பெற்றதுதான், அதனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் சொல்கிறேன்.

இவர் காரில் கியர் தண்டு, விழப்போகிற பால்பல் மாதிரி நாலு பக்கமும் ஆடும். முதல் கியரைப் போட்டால் மூன்றில் போய் விழும். இரண்டைப் போட்டால் எதிலும் விழாமல் நறநறவென்று பல்லைக் கடிக்கும். ரிவர்ஸ் வேண்டுமென்றாலோ தண்டை முன்னால் தள்ளி, பக்கத்தில் சாய்த்து, கொஞ்சம் மேலே தூக்கி, மூச்சை அடக்கிக்கொண்டு “வாடா ராசா” என்று கெஞ்ச வேண்டும். இதற்கு வெட்கப்படுவார் என்றா நினைக்கிறீர்கள்?

“என் கைக்கு மட்டும்தாம்மா கேட்கும்!”

பெருமை!

மூன்றாம் கியர் போட்டால் நிற்காது, நழுவி வெளியே வந்துவிடும். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் பக்கத்து சீட்டில் மனைவி. கல்யாணமான புதிதில் இவர் கையைப் பிடித்தவள், இப்போது கியரைப் பிடிக்கிறாள். பிடிக்கிறவளுக்குத் தெரியாதா?

“ஏங்க, நேத்தவிட இன்னைக்கு அதிகமா ஆடுது. கேபிள் தேஞ்சுபோச்சுங்க. மெக்கானிக்கிட்ட காட்டுங்களேன்.”

“மெக்கானிக்குக்கு என்ன தெரியும்? அவர் கை இதுக்குப் பழகலையே!”



குழந்தைகளுக்காக விட்ட வேலையை மறுபடி பிடிக்க, மருமகளுக்கு ஒரு நேர்காணல் வந்தது. எத்தனையோ மனுப் போட்டு வந்த ஒரே அழைப்பு. ஆட்டோவில் போகிறேன் என்றாள். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “வாசல்ல கார் நிக்குது, ஆட்டோவா?” போகிற வழியில் கண் டாக்டரிடம் இறக்கிவிடுவதாக என்னையும் பின்சீட்டில் ஏற்றினார்.

தள்ளி, சாய்த்து, தூக்கி, கெஞ்சி, ரிவர்ஸ் விழுந்தது. கார் வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. முன்னால் போக முதல் கியருக்குத் தண்டை இழுத்தார். டணார்! உள்ளே எங்கோ ஏதோ அறுந்தது. அதற்குப் பிறகு தண்டு, காலி டம்ளரில் போட்ட ஸ்பூன் போல இஷ்டத்துக்குச் சுழன்றது. கியரோ போட்ட இடத்திலேயே, ரிவர்ஸிலேயே உட்கார்ந்துகொண்டது. மிதித்தார். பின்னால் போனோம். மறுபடி சுழற்றி, மறுபடி மிதித்தார். இன்னும் பின்னால் போனோம். துணி உலர்த்திக்கொண்டிருந்த எதிர்வீட்டம்மா எங்களுக்கு டாட்டா காட்டினாள்.

“நேரமாகுதுங்க.”

“இரு, இரு. ரிவர்ஸ்லயே மெயின் ரோடு வரைக்கும் போயிடலாம்.”

அவள் கைப்பையை எடுத்தாள், இறங்கினாள், அந்தப் பக்கம் வந்த ஆட்டோவை நிறுத்தினாள்.

“ஏய், நீ போயிட்டா கியரை யாரு பிடிக்கிறது?”

“நீங்களே பிடிச்சுக்கோங்க. அத்தை, நீங்க வர்றீங்களா?”

பெற்ற பாசம் ஒருபக்கம் இருக்கட்டும். நானும் இறங்கிவிட்டேன்.

அவளுக்கு வேலை கிடைத்தது. தினமும் பஸ்ஸில் போகிறாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. கேபிளை மாற்றிய பிறகு கார் வெண்ணெயாக ஓடுகிறது. இவருக்குத்தான் முகம் தொங்கிவிட்டது. “இப்ப யாரு வேணா ஓட்டலாம். இதுல என்னம்மா இருக்கு?”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் எப்படி இருக்கிறது? லேசாகத் தூக்கி, தோளால் ஓர் இடி இடித்துத் திறக்க வேண்டும் என்று விருந்தாளிக்குச் சொல்லிக்கொடுத்தீர்களே, “ஒண்ணுமில்லைங்க, கை பழகணும்” என்று? அன்று உள்ளே மாட்டிக்கொண்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது யார் என்று நினைத்தீர்கள்?

நான்தான்.