பேணிக்குள் பதினொரு புளியங்கொட்டை

மகள் முன்பள்ளியிலிருந்து கொண்டுவந்த பால்மாத் தகரப் பேணியைக் கண்டதும் ஜெயந்தனுக்கு வாயிலிருந்த தேத்தண்ணி உள்ளே இறங்க மறுத்தது. பேணியில் ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. அதில் கறுப்புக் கலர்ப் பென்சிலால், கோணல்மாணலாக, ஒரே ஒரு எழுத்து. சி.

"இதென்ன மகள்?"

"ரபீக்கா ரீச்சர் தந்தவ," என்றாள் தினுஷா. வயது ஐந்து. ரீச்சர் சொன்னால் அது வேதவாக்கு. "இந்தக் கிழமை எங்களுக்கு 'ச' வரிசை. ஆளுக்கொரு எழுத்து. அந்த எழுத்தில தொடங்கிற ஒரு சாமானை வீட்டில பார்த்து வைக்கோணும். அதை ஆரும் எடுக்கிற நேரமெல்லாம் பேணிக்குள்ள ஒரு புளியங்கொட்டை போடோணும்."

"உங்கட சாமான் என்ன?"

"சொல்லக்கூடாது. வெள்ளிக்கிழமை அம்மா அப்பா எல்லாரும் வருவினம். அவையள்தான் கண்டுபிடிக்கோணும்."

பிள்ளை குளிக்கப் போன சமயம் ஜெயந்தன் பேணிக்குள் எட்டிப் பார்த்தான். இரண்டு கொட்டை கிடந்தது. அன்று பின்னேரம் கிணற்றடியில் அவன் பற்றி ஊதிய சிகரெட்டும் இரண்டு.

சிகரெட்டை விட்டுவிட்டதாக அவன் மாதா சொரூபத்துக்கு முன்னால் சத்தியம் செய்து நாலு மாதம் ஆகவில்லை. டொக்டர் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்ன கதையைக் கேட்டு மனைவி மாகிரட் கோயிலுக்கு நேரே இழுத்துக்கொண்டு போய்விட்டாள். தன் பங்குக்கு அவளும் இனிப்பைத் தொடுவதில்லை என்று சொல்லி, அன்று தொடக்கம் வெறுந்தேத்தண்ணியை முகம் சுளிக்காமல் குடித்துக் காட்டி வருகிறாள். "இனி ஒண்டைக் கண்டனெண்டால் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்குப் போயிடுவன்" என்றும் சொல்லி வைத்திருந்தாள். சொன்னால் செய்கிறவள். முந்தி ஒருமுறை பத்தொன்பது நாள் தாய் வீட்டில் இருந்தவள். அந்தப் பத்தொன்பது நாளும் வீடு வெறிச்சென்று கிடந்ததை ஜெயந்தன் இன்னும் மறக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னும் மூன்று பற்றினான். பேணியில் ஐந்து கொட்டை. ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை.

பிள்ளைக்கு இந்தக் கணக்கு எப்படித் தெரியும்? கிணற்றடியில் நின்றபோது வேலிக்கு அப்பால் ஒரு புள்ளிமான் மட்டும்தான் நின்றது. ஊருக்குள் திரிகிற மான்களை அவன் இதுவரை சந்தேகப்பட்டதில்லை. இப்போது அந்த மானின் பார்வையும் அவனுக்குப் பிடிக்கவில்லை.

பிள்ளை அசந்த நேரம் மூன்று கொட்டைகளை எடுத்துக் கிணற்றுக்குள் போட்டான். மிச்சம் இரண்டு. இரண்டென்றால் திங்கட்கிழமைப் பழசு, கணக்கில் வராது என்று மனத்தைத் தேற்றிக்கொண்டான்.

புதன் காலை பார்த்தால் ஒன்றுதான் கிடக்கிறது!

ஜெயந்தன் பேணியைக் கவிழ்த்துப் பார்த்தான், கதிரைக்குக் கீழே தடவிப் பார்த்தான். இல்லை. தான் எடுத்தது மூன்று. நாலாவதை எடுத்தது யார்? மாகிரட் கண்டுபிடித்துவிட்டாள். கொட்டை குறைந்ததைக் கண்டு, இன்னொன்றை எடுத்து வைத்து, இவன் என்ன செய்கிறான் என்று பார்க்கிறாள். பொலிஸ்காரன் செய்கிற வேலை.

எடுத்ததைத் திருப்பி வைப்பதுதான் புத்தி என்று பட்டது. கிணற்றுக்குள் போனதை எடுக்க ஏலாது. குசினிக்குள் புகுந்து புளிச்சட்டிக்குள் கையை விட்டு, வந்த கொட்டைகளைத் துடைத்தும் துடைக்காமலும் பேணிக்குள் போட்டான். வாசலில் தினுஷாவின் செருப்புச் சத்தம் கேட்டதில் எண்ணுவதற்கும் நேரம் கிடைக்கவில்லை.

"பதினொண்டு!" பிள்ளை கத்தின கத்தில் மாகிரட்டும் ஓடி வந்தாள். "அம்மா, நான் அஞ்சுதான் போட்டனான். இப்ப பதினொண்டு கிடக்கு. கொஞ்சம் கையில ஒட்டுது!"

மாகிரட்டின் முகத்தில் ரத்தம் இல்லை. "பதினொண்டோ?" என்றாள், மூச்சு விடாமல். கோபத்தில் அவளுக்கு முகம் வெளுக்கும் என்பது ஜெயந்தனுக்குத் தெரியும். அவன் சேட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் பறந்தான்.

இந்த விஷயம் முன்பள்ளிக்குப் போனது. ரபீக்கா ரீச்சர் இருபது வருஷமாய்ப் பிள்ளைகளுக்கு எண்ணப் பழக்குகிறவர். கொட்டையை நம்பாதே, கொப்பியிலும் ஒரு கோடு போடு, நாலு கோட்டுக்குக் குறுக்கே அஞ்சாவது கோடு என்று சொல்லிக் கொடுத்துவிட்டார். மத்தியானம் தினுஷா தாய்க்கும் சாப்பிட வந்த தகப்பனுக்கும் முன்னால் கொப்பியை விரித்து, பழைய ஐந்துக்கும் கட்டாகக் கோடு போட்டாள். பேணியும் சரியாக ஐந்துக்கு வந்தது. கொப்பி புத்தகப்பைக்குள் போனது. பையைப் பிள்ளை கழற்றவே இல்லை, சோறு தின்னும்போதும் முதுகில் கிடந்தது.

இனி வீட்டில் பற்றினால்தானே என்று ஜெயந்தன் முடிவெடுத்தான். மீன்பிடித் துறைமுகத்தில் அவன் வேலை செய்கிற ஐஸ் பக்டரிக்குப் பின்னால் போய், கூட்டாளி சிவரூபனோடு நின்று, பின்னேரம் இரண்டு பற்றினான். வாய் மணம் போகக் கராம்பு சப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

பேணியில் ஏழு கொட்டை.

அடுத்த நாள் விடிந்ததும் சிவரூபனின் சேட்டுக் கொலரைப் பிடித்தான். "உன்ர மனுசி என்ர மனுசியோட போனில கதைக்கிறவதானே?"

"ஓம், அதுக்கென்ன?"

"நான் எத்தினை பத்தினனான் எண்டு நீ வீட்டை போய்ச் சொல்ல, உன்ர மனுசி அங்க சொல்ல, மகள் கொட்டை போடுறாள்!"

சிவரூபன் அவனை மேலும் கீழும் பார்த்தான். "கொட்டையோ? உனக்குச் சிகரெட் நெஞ்சில இல்லையடா, தலையில ஏறிட்டுது. இனி என்னோட கதைக்காத," என்று சொல்லிவிட்டு ஐஸ் கட்டியைத் தள்ளிக்கொண்டு போனான். பதினாலு வருஷச் சிநேகிதம் அன்றோடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனது.

அன்று வியாழக்கிழமை. ஜெயந்தன் ஒன்றும் பற்றவில்லை. தலை இடிக்க, கராம்பை மட்டும் சப்பிக்கொண்டு பகலைக் கடத்தினான். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து பேணியைப் பார்த்தான்.

பத்து!

பற்றாத சிகரெட்டுக்கும் மூன்று கொட்டையா? ஜெயந்தனுக்குக் கண் கலங்கிவிட்டது. இது கணக்கு இல்லை, சோடித்த வழக்கு. மாகிரட் போகிறதென்று தீர்மானித்துவிட்டாள். ஒரு சாட்டு வேண்டும், அதற்குப் பிள்ளையைப் பிடித்திருக்கிறாள்.

அவள் நடக்கிற விதமும் அப்படித்தான் இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இறால் பொரித்திருந்தாள், கேட்காமலே இரண்டாம் தரமும் போட்டாள். ஏழு வருஷக் குடித்தனத்தில் அவன் காணாத உபசரிப்பு.

"என்னப்பா, நாளைக்கு உங்களுக்கு வேலை கிடக்குமே," என்றாள். "முன்பள்ளிக்கு நீங்கள் மினக்கெட வேண்டாம். நான் தனியப் போட்டு வாறன்."

"இல்லையில்லை, நீர் இரும். நான் போறன்."

"உங்களுக்கேன் கரைச்சல்? அந்தப் பேணியும் ஊத்தையாக் கிடக்கு. கழுவி வைக்கட்டே?"

"கழுவ வேண்டாம்!" ஜெயந்தன் போட்ட சத்தத்தில் சோற்றுக் கோப்பையிலிருந்த இறால் துள்ளியது. "கிடக்கிற மாதிரியே கிடக்கட்டும்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டு முடித்தார்கள். படுக்கும்போது ஜெயந்தன் கூரையைப் பார்த்தபடி யோசித்தான். பிடிபட்டுப் போவதைவிட, தானே ஒத்துக்கொள்வது மேல். ஒத்துக்கொண்டவனை விட்டுவிட்டுப் போக அவளுக்கும் மனம் வராது.

வெள்ளிக்கிழமை காலை அம்மாமாரும் அப்பாமாரும் முழங்காலளவு உயரக் கதிரைகளில் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். காலையில் பேணிக்குள் இன்னொரு கொட்டையும் விழுந்திருந்தது. மொத்தம் பதினொன்று, கொப்பியும் அதையே சொன்னது. இந்த முறை கள்ளக் கொட்டை ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு பிள்ளை 'சா' என்று எழுதிய பேணியைக் கொட்டியது. பத்தொன்பது கொட்டை. "சாவி!" என்று தாய் சத்தம் போட்டாள். "தேப்பன் ஒரு நாளைக்கு நாலு தரம் துலைக்கிறவர்." எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். அடுத்தது 'ச'. சட்டி என்று உடனே கண்டுபிடித்தார்கள்.

"இனி தினுஷா," என்றார் ரபீக்கா ரீச்சர்.

பிள்ளை பேணியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். மாகிரட் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். ஜெயந்தன் எழும்பினான். கதிரையும் அவனோடு சேர்ந்து எழும்பியது. அதைப் பிடுங்கிக் கீழே வைத்தான்.

"ரீச்சர், பேணியைத் திறக்க வேண்டாம். அது சிகரெட். என்ர சிகரெட்தான்."

அவன் மனைவி பக்கம் திரும்பினான்.

"மாகிரட், நான் மாதாவுக்கு முன்னால பொய் சொல்லிப்போட்டன். கிணத்தடியில அஞ்சு, ஐஸ் பக்டரியில ரெண்டு. நேற்று ஒண்டும் பத்தேல்லை, அது சத்தியம். கொட்டையை எடுத்துக் கிணத்துக்குள்ள போட்டதும் நான்தான். உம்மையும் பிள்ளையையும் விட்டிட்டு எனக்கு இருக்க ஏலாது. போயிடாதேயும்." சொல்லி முடிக்கும்போது அவன் உண்மையாகவே அழுதுவிட்டான்.

மாகிரட் திட்டுவாள் என்று எல்லோரும் பார்த்தார்கள். அவள் திட்டவில்லை. அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. விறுவிறென்று எழும்பிப் போய்ப் பேணிக்கு மேல் கையை வைத்தாள்.

"சரி, அவர்தான் ஒத்துக்கொண்டிட்டாரே. மன்னிச்சிட்டன். நான் ஒரு இடமும் போகேல்லை. ரீச்சர், இனி இதைத் திறந்து என்ன செய்யிறது? மற்றப் பிள்ளையைக் கூப்பிடுங்கோ."

ஜெயந்தனுக்குக் காதை நம்ப முடியவில்லை. இப்படி ஒரு தங்கமான மனுசியைச் சந்தேகப்பட்டோமே என்று தன்னையே திட்டிக்கொண்டான். பக்கத்தில் இருந்த தாய்மார் இருவர் கண்ணைத் துடைத்தார்கள்.

தினுஷாவுக்கு மட்டும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஐந்து நாள் பாடுபட்டு எண்ணிய தன் சொல்லை ஒருவரும் சரியாகக் கண்டுபிடிக்கவில்லையே! தாயின் கையைத் தட்டிவிட்டுப் பேணியைத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"பிழை! அப்பா, உங்களுக்குச் சுழி தெரியேல்லையே? இது 'சி' இல்லை, 'சீ'! அம்மா குசினிக் கதவுக்குப் பின்னால நிண்டு அள்ளித் திண்ட சீனி!"