சுல்தானின் இப்தார்

பாம்பினத்துக்கு மனித குலம் இழைத்த அநீதிகளைத் துடைக்க நூற்றாண்டுக்கு ஒருவரே பிறக்கிறார். இந்த நூற்றாண்டுக்கானவர் கெய்ரோவின் ஷுப்ரா வட்டாரத்தில், நான்காம் மாடியில் குடியிருந்தார். பெயர் சஃப்வத். அரசுக் கோப்புக் காப்பகத்தில் தலைமை இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காதவர். ஒன்றையும் திறக்காததால் இது சாத்தியமாயிற்று.

அவர் வளர்த்த மலைப்பாம்புக்குச் சுல்தான் என்று பெயர். நீளம் ஒரு கைக்கு மேல் இராது. பிள்ளையில்லாத அந்த வீட்டில் அவருக்கு அதுதான் பிள்ளை. ஓய்வு பெற்ற பிறகும் அவர் பேசுவதைக் குறுக்கிடாமல் கேட்ட ஒரே ஜீவனும் அதுதான்.

கால்நடை மருத்துவர் நிவீன் முன்பே எச்சரித்திருந்தார். "சஃப்வத் சார், உயிரோட எலி போடாதீங்க. உறைய வச்ச எலியை வெந்நீர்ல இளக்கி, இடுக்கியில பிடிச்சு நீட்டுங்க. எலிக்கும் பல்லு இருக்கு, மறந்துடாதீங்க."

சஃப்வத் இதை இரண்டு காரணங்களால் நிராகரித்தார். முதலாவது, கொள்கை. செத்ததைத் தின்பது சுல்தானின் "பதவிக்கு" அழகல்ல. இரண்டாவது, மனைவி இனாயத்.

"என் ஃப்ரீசர்லயா? ரமலானுக்குன்னு பதினஞ்சு நாளா சம்போசா மடிச்சு அடுக்கி வச்சிருக்கேன். அதுக்குப் பக்கத்துல எலியா? ஒண்ணு எலி இருக்கட்டும், இல்ல நான் இருக்கேன்."

கொள்கை வென்றது.

இரண்டு வாரத்துக்கொரு முறை வரும் சுல்தானின் சாப்பாட்டு நாள், ரமலான் ஐந்தாம் நாளில் வந்து விழுந்தது. சஃப்வத்தின் நிர்வாக மேதைமை முழுதாக வெளிப்பட்டது அன்றுதான். ஊரே நோன்பிருக்க, ஒரு பாம்பு மட்டும் பட்டப்பகலில் சாப்பிடுவதா?

"சுல்தானும் நம்ம கூடத்தான் நோன்பு திறப்பான்," என்று அறிவித்தார். "சாயங்காலம் நோன்பு திறக்கிற பீரங்கி முழங்கினதும் எலியை உள்ள விடுவேன்."

"எலி காலைலயே வந்தாச்சே. ஒரு துண்டு ரொட்டியாவது போடட்டுமா?"

"ஒரே வீட்டுல ஆளுக்கொரு சட்டம் கிடையாது இனாயத். எலியும் நோன்புதான்."

"அதுகிட்டக் கேட்டீங்களா?"

"ஆட்சேபம் எழுத்து மூலமா எதுவும் வரலை."

அட்டைப் பெட்டிக்குள்ளிருந்து ஆட்சேபம் சுரண்டல் வடிவில் வந்துகொண்டிருந்தது. உரிய படிவத்தில் இல்லாததால் அது ஏற்கப்படவில்லை.

மாலையில் இனாயத் கண்ணாடித் தொட்டியை எட்டிப் பார்த்தார். "இவன் கண்ணு ரெண்டும் பால் ஊத்தின மாதிரி இருக்கே. தோல் உரிக்கப் போறான் போல. அந்த நேரத்துல இவனுக்குப் பார்வையும் தெரியாது, சாப்பிடவும் மாட்டான்னு டாக்டர் சொன்னாங்களே?"

"நோன்புல கண் கலங்கியிருக்கான். அது பக்தி."

பீரங்கி முழங்கியது. சஃப்வத் எலியைத் தொட்டிக்குள் இறக்கினார். மூடியைச் சாத்தி, எலி தப்பாதிருக்க அதன்மேல் அரசு ஊழியர் நடத்தை விதிகளின் இரண்டு பாகங்களையும் வைத்தார். அந்தப் புத்தகங்கள் ஒரு வேலைக்குப் பயன்பட்டது அதுவே முதல் முறை.

"சாப்பிடறானான்னு ஒரு நிமிஷம் நின்னு பாருங்களேன்," என்றார் இனாயத்.

"மேலதிகாரி நின்னு பார்த்தா எந்த வேலையும் நடக்காது. சூப் ஆறுது, வா."

பிறகு அவர் சாப்பிட்டார். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவர் எப்படிச் சாப்பிடுவாரோ அப்படிச் சாப்பிட்டார். தொலைக்காட்சித் தொடர் தொடங்கியபோது சோபாவில் சாய்ந்தார். கதாநாயகி முதல் தடவை அழுவதற்குள் குறட்டை கேட்டது.

எழுப்பியது இனாயத்தின் குரல். "இங்க வாங்க. உங்க எலி நோன்பு திறந்துடுச்சு."

சுல்தானின் முதுகில் நான்கு இடங்களில் சதையைக் காணோம். வால் நுனியையே காணோம். எலி மூலையில் உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. சஃப்வத் சுல்தானைத் தலையணை உறையில் ஏந்திக்கொண்டு, வீட்டுச் செருப்போடு நான்கு மாடியும் ஓடி இறங்கினார். "என் பிள்ளை, என் பிள்ளை" என்று தெருவெல்லாம் புலம்பினார். இனாயத்தும் பின்னாலேயே ஓடினார்.

நிவீன் தையல் போட்டு முடித்தார். "பிழைச்சுக்கும்," என்றார்.

சஃப்வத் கண்ணைத் துடைத்தார். உயிர் வந்ததும் பதவியும் திரும்பி வந்தது. "காயத்துக்குக் காரணம், எலியின் ஒழுங்கீனம்னு எழுதுங்க டாக்டர்."

நிவீன் படிவத்தை எடுத்தார். "எலி கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?"

"கடைக்காரன் காலைல போட்டிருப்பான். அப்புறம் எங்களை மாதிரியேதான்."

"பீரங்கி முழங்கினதும் நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"ஏதோ கொஞ்சம். பேரீச்சம்பழம், பருப்பு சூப், வாத்து, அரிசி திணிச்ச முட்டைக்கோஸ். இனிப்புக்குக் கத்தாயிஃப், ரெண்டே ரெண்டு."

"ஆறு," என்றார் இனாயத்.

"சரி. எலிக்கு நோன்பு திறக்க என்ன வச்சீங்க?"

சஃப்வத் தலையணை உறையைப் பார்த்தார்.

நிவீன் "காரணம்" என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினார். முப்பத்தொரு ஆண்டுகள் எதையும் படிக்காமல் கையெழுத்திட்டவர், வாழ்க்கையில் முதல் முறையாக, படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்:

"பசித்த எலிக்குப் பாம்பைப் பரிமாறிவிட்டு, வீட்டுக்காரர் சாப்பிடப் போய்விட்டார்."