அமிலத்துக்குள் தண்ணீர்

பேய்ப் படத்தில் வரும் பேயை நான் மன்னித்துவிடுவேன். அதற்கு யாரும் பயிற்சி கொடுக்கவில்லை. விஞ்ஞானியைத்தான் மன்னிக்க முடிவதில்லை. போத்தலில் பெயர் ஒட்டமாட்டான். சாளரத்தைத் திறக்கமாட்டான். என்னவென்று தெரியாத திரவத்தைக் குடித்துவிட்டு, உடம்பு பச்சையாகிவிட்டது என்று அலறுவான். ஆகாமல் என்ன செய்யும்?

இந்த ஆத்திரத்தால் அக்காவின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

வெள்ளைக்காரன் காலம். தங்கச்சி நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் பயிற்சி முடித்த புதிது. கொழும்பிலேயே, கொட்டாஞ்சேனையிலிருந்து அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் படத்தை அக்கா தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள். அந்த நாளில் பெண் பார்ப்பது பெண்ணுக்கே தெரியக்கூடாது. கோயிலிலோ பயஸ்கோப்பிலோ தற்செயலாகப் பார்த்ததுபோல் பார்த்துவிட்டுப் போவார்கள். பிடிக்காவிட்டால், யாரும் யாரையும் பார்க்கவே இல்லை.

அப்பா எங்களை வெள்ளவத்தையிலிருந்து மருதானைக்குப் பகல் காட்சிக்கு அழைத்துப்போனார். வரிசையின் கரையில் அக்காவை இருத்தினார். ஏன் என்று சொல்லவில்லை. விளக்கு அணைந்ததும் தூங்கிவிட்டார். (அப்பாவுக்கு எந்தப் படமும் ஒன்றுதான்.)

எனக்கு முன்னால் ஒரு துரைசாணியின் தொப்பி, பூச்சாடியோடு சேர்த்து. திரை பாதிதான் தெரிந்தது. அக்காவோ பேய்க்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். மூடிய கண்ணுக்குக் கரை இருக்கை எதற்கு? மாறி இருந்தோம்.

திரையில் வெள்ளைக்கார விஞ்ஞானி ஒரு பிணத்தை எழுப்ப மருந்து கூட்டினான். குடுவையில் கடும் அமிலம். கையில் தண்ணீர்க் குவளை. அமிலத்துக்குள் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்து முகத்தில் தெறிக்கும். தண்ணீருக்குள்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அதுவும் மெல்ல. முதல்நாள் பாடம். கொட்டகையே மூச்சுவிடாமல் இருந்தபோது நான் எழும்பி நின்றேன்.

“டேய், ஊத்தாதையடா!”

பின்வரிசையில் யாருடைய கடலைப் பொட்டலமோ என் தலையில் கொட்டியது. இடைவேளை விளக்கு எரிந்ததும் திரும்பினேன். ஒரு குடும்பமே என்னை உற்றுப் பார்த்தது. நானும் முறைத்தேன். அக்காவின் முகம் மட்டும் வெளுத்துப்போயிற்று. தலையணைக்கு அடியிலிருந்த முகம் அந்தக் குடும்பத்தின் நடுவில் இருந்ததை அவள் கண்டுவிட்டாள்.

அடுத்த கிழமை தரகர் வந்தார்.

“கரையில இருந்த பொம்பிளை வடிவுதானாம். ஆனா வெள்ளைக்காரனையே டேய் எண்டு கூப்பிடுறவள், எங்கட பெடியனை என்னெண்டு கூப்பிடுவாள் எண்டு தாய் கேக்கிறா.”

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பாவோ, முறைப்படி யாரும் பெண் பார்க்கவே இல்லாத இடத்தில் ஆள் மாறிப் பார்த்துவிட்டீர்கள் என்று எப்படிச் சொல்வது என்று யோசித்தார். முறையாம்! அவள் அழுவது கேட்டுக்கொண்டிருந்தது. நானே தரகருக்கு முன்னால் போய் நின்றேன்.

“நீங்கள் பாத்தது என்னை. அக்கா கண்ணை மூடிக்கொண்டு இருந்தவ.”

பேய்க்குப் பயந்த பெண் என்றதும் மாப்பிள்ளையின் தாய்க்கு மனம் குளிர்ந்ததாம். இரண்டாம் தடவை கோயிலில் பார்த்தார்கள். என்னை வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். அத்தான் பிறகுதான் அக்காவிடம் ஒப்புக்கொண்டார்: அவரும் கண்ணை மூடித்தான் இருந்தாராம். கடலையும் அவருடையதுதான்.

இன்றைக்கும் அவர் தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்து நிற்பார்.

“மச்சாள், பாலுக்குள்ள தேத்தண்ணியோ, தேத்தண்ணிக்குள்ள பாலோ? பிறகு டேய் எண்டு கத்தாதையுங்கோ.”

எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். படத்தின் முடிவில் அந்த ஆய்வுகூடம் வெடித்துச் சிதறியதை மட்டும் ஒருவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. அந்தப் பழியையும் பேயின் தலையில் போட்டுவிட்டார்கள்.