புஜ்ஜிக்கு மஞ்சள் பூசியபோது

"சார், உங்க புள்ள என் கனகாம்பரத்த மொட்டையடிச்சுட்டான்!"

பக்கத்து வீட்டு அம்சாவின் குரல் தெருக்கோடி வரை கேட்டது. கோகுலகிருஷ்ணன் சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் ஓடினார். அவருக்குப் பிள்ளை என்று இருப்பது புஜ்ஜி ஒன்றுதான். நான்கு கால், இரண்டு கொம்பு. சொந்த ஊரான முகையூரில் தாய் ஆடு செத்துப்போக, மூன்று நாள் குட்டியைக் கட்டைப்பையில் போட்டு விழுப்புரத்துக்கு பஸ் ஏற்றிக் கொண்டுவந்தார். அவரும் மனைவி கலைமதியும் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தார்கள். இப்போது அது வாட்டசாட்டமான கடா.

நகர் நலச் சங்கச் செயலாளர் துரைக்கண்ணு அன்றே வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்: 'ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆட்டை அப்புறப்படுத்தவும்.'

எங்கே அப்புறப்படுத்துவது? ஆட்டைக் கேட்டு வந்த ஒரே ஆள் கறிக்கடைக்காரர்.

கோகுலகிருஷ்ணன் பொறுப்பான மனிதர். வாசல் கேட்டுக்குக் கம்பிவலை அடித்தார். புஜ்ஜி அதிலும் தலையை நுழைத்துக் கழுத்தைக் கிழித்துக்கொண்டது. காயத்துக்கு மஞ்சள் பூசி, ஈ மொய்க்காமல் இருக்க வேப்பிலைக் கொத்தையும் கட்டிவிட்டார். ஞாயிறு காலை, ஆடு போய்விட்டதா என்று பார்க்க வந்த துரைக்கண்ணு அதைக் கண்டதும் செருப்பைக் கழற்றினார்.

"இன்னா சார், நேந்துவிட்ட கடாவா? மொதல்லயே சொல்லக்கூடாதா?"

கோகுலகிருஷ்ணனுக்குப் பொய் வராது. புஜ்ஜியைப் பார்த்தார். வந்துவிட்டது.

"ஆமாங்க... எல்லையம்மனுக்கு."

அவ்வளவுதான். விரட்டியவர்கள் எல்லாம் விழுந்து கும்பிட்டார்கள். புஜ்ஜி இஷ்டத்துக்குத் தெருவில் திரிந்தது. யார் வீட்டுச் செடியை மேய்ந்தாலும் அது அவர்கள் செய்த பாக்கியம். வேங்கடேசன் வீட்டு முருங்கைக்கீரையைத் தின்ற மறுநாள் அவர் மகளுக்கு வரன் அமைந்தது. "எங்கூட்ல ரோசா பூத்திருக்கு, புஜ்ஜிய கொஞ்சம் அனுப்பி வைங்க சார்" என்று ஆள்மேல் ஆள் வந்தார்கள். திண்டிவனம் ஆபீசுக்கு ரயிலேறும்போது கோகுலகிருஷ்ணனுக்கே மெய் சிலிர்த்தது. நம் புஜ்ஜியிடம் நிஜமாகவே ஏதோ இருக்கிறதோ?

அம்சா மட்டும் ஆட்டைக் கும்பிடவும் இல்லை, ஏசவும் இல்லை. பொம்பளைக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

ஆடி பிறந்தது. துரைக்கண்ணு சந்தோஷமாக வந்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பூச சார். பம்பை மேளத்துக்குச் சொல்லிட்டேன்."

"பம்பை எதுக்குங்க?"

"கடா வெட்டத்தான்!"

கோகுலகிருஷ்ணன் அவசரமாகக் குறுக்கிட்டார். "வெட்டறதுக்கு நேந்துக்கலீங்க. சும்மா... விடறதுக்கு."

"அத நாமளா முடிவு பண்றது? மஞ்சத்தண்ணி ஊத்துவோம். ஆடு ஒடம்ப சிலுப்புச்சுன்னா அம்மா உத்தரவு குடுத்துட்டா. சிலுப்பலன்னா அவளுக்கு வேணாம், நீங்க வூட்டுக்கு ஓட்டிக்கினு போயிடலாம்."

தண்ணீர் பட்டால் சிலுப்பாத ஆடு எந்த ஊரில் இருக்கிறது?

"முகையூருக்கே ஓட்டிக்கினு போயிடலாங்க" என்று கலைமதி அழுதாள்.

"சாமி ஆட்டத் திருடிக்கினு போயிட்டான்னு மொத்த நகரும் பின்னாலயே வரும்டி."

ஞாயிற்றுக்கிழமை எல்லையம்மன் கோயிலில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். பம்பை அதிர்ந்தது. மாலை போட்டுக்கொண்ட புஜ்ஜி மாப்பிள்ளை மாதிரி நின்றது. 'தாயே, பொய் சொன்னது நான். என்னை எடுத்துக்கொள்' என்று கோகுலகிருஷ்ணன் மனதுக்குள் கதறினார்.

பூசாரி ஒரு சொம்பு ஊற்றினார். புஜ்ஜி கண்ணை மூடித் திறந்தது.

இரண்டாவது சொம்பு. அசையவில்லை.

"குடத்தோட குடுங்கடா!" என்றார் பூசாரி. குடம் முழுக்கக் கவிழ்ந்தது. காதிலிருந்தும் தாடியிலிருந்தும் மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட, புஜ்ஜி கல்லால் அடித்து வைத்ததுபோல நின்றது. ஒரு மயிர்கூட ஆடவில்லை.

பம்பை தானாக நின்றது. பூசாரி கத்தியைக் கீழே வைத்துக் கைகூப்பினார்.

"முப்பது வருசமா பூச பண்ணிக்கினு வர்றேன். இப்பிடி ஒண்ண பாத்ததில்ல. இது அம்மாவோட புள்ள. வளத்துக்குங்க சாமி, வளத்துக்குங்க!"

துரைக்கண்ணு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். பெண்கள் குலவையிட்டார்கள். கோகுலகிருஷ்ணன் ஈர ஆட்டைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். பொய்யைக்கூட மன்னித்துப் பிள்ளையைத் திருப்பிக் கொடுக்கும் தெய்வம் இருக்கிறது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டார்.

கூட்டம் பொங்கல் வைக்க நகர்ந்ததும் அம்சா மெல்லப் பக்கத்தில் வந்தாள். மடியிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவர் கையில் திணித்தாள்.

"நேந்துவிட்டதுன்னு நீங்க வாய விட்ட அன்னியிலேர்ந்து, தெனம் மத்தியானம் எங்கூட்டுக் கொல்லையில ரெண்டு குடம் ஊத்தி, சிலுப்பாம நின்னா ஒரு பழம்னு பழக்கிக்கினு வர்றேன் சார், இன்னிக்குள்ளத நீங்களே குடுத்துடுங்க, பாவம், புள்ள எதிர்பாத்துக்கினு நிக்குது."